பள்ளிச் சேதி வீடு வந்து சேர சில பயனுள்ள குறிப்புகள்

தொடக்கப் பள்ளியில் பிள்ளை படிக்கிற வீட்டில், ராத்திரி ஒன்பதரை மணிக்குத்தான் "அம்மா, நாளைக்கு அஞ்சு விதமான இலை கொண்டு போகணும்" என்ற சேதி வெளியே வரும். ஒன்றாவதிலிருந்து ஐந்தாவது வரை பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே தபால்காரர் பிள்ளைதான். பாதித் தபால் வழியிலேயே விழுந்துவிடும், அது அவர்கள் தப்பும் இல்லை. அந்தந்த வாரத்துச் சேதி அந்தந்த வாரமே கைக்கு வந்தால் கடைசி நேரக் கடை ஓட்டம் மிச்சம், காசும் மிச்சம். அதற்கு நம் வீடுகளில் செய்து பார்க்கக்கூடிய சில வழிகள் இதோ, தோழிகளே. அப்பாக்களுக்கும் சேர்த்துத்தான்.

1. பள்ளிக்கென்று தனியாக ஒரு மாதக் காலண்டர் மாட்டிவிடுங்கள். வருஷப் பிறப்புக்கு மளிகைக்கடையும் நகைக்கடையும் கொடுத்ததில் ஒன்றாவது சுருட்டியபடியே பரணில் கிடக்கும். வாசல் பக்கம், பிள்ளையின் கண்ணுக்கு நேராகத் தாழ்வாக மாட்டினால் அவர்களே பார்த்து நினைவுபடுத்துவார்கள்.

2. மாறாத தேதிகளை ஜூனில் பள்ளி திறந்த அன்றே எழுதிவிடலாம், எந்த அறிவிப்புக்கும் காத்திருக்க வேண்டாம். ஜூலை 15 காமராசர் பிறந்தநாள், அதுதான் கல்வி வளர்ச்சி நாள். ஆகஸ்ட் 15 சுதந்திர தினம், செப்டம்பர் 5 ஆசிரியர் தினம், நவம்பர் 14 குழந்தைகள் தினம், டிசம்பர் 11 பாரதியார் பிறந்தநாள், டிசம்பர் 22 கணித தினம், ஜனவரி 26 குடியரசு தினம், பிப்ரவரி 28 அறிவியல் தினம். பேச்சுப் போட்டியோ மாறுவேடமோ கோலமோ, பெரும்பாலும் இந்த நாட்களை ஒட்டித்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் முன்னால் சின்னதாக ஒரு புள்ளி வைத்துவிட்டால் டீச்சர் சொல்வதற்கு முன்பே நாம் தயார்.

3. காலண்டரில் எழுத மூன்று கலர் பேனா போதும். லீவுக்குச் சிவப்பு, கொண்டு போக வேண்டிய பொருளுக்குப் பச்சை, பணம் கட்ட வேண்டியதற்கு நீலம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத ஒன்றாவது பிள்ளைக்கும் கலர் புரியும்.

4. "இந்தச் சனிக்கிழமை ஸ்கூல் உண்டா?" என்ற கேள்விதான் எல்லா வீட்டிலும் வாராவாரம் எழுகிறது. தேர்த் திருவிழாவுக்கோ கோயில் விசேஷத்துக்கோ ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விட்டால், அதை ஈடு செய்ய ஒரு சனிக்கிழமை வேலை நாளாக வரும். லீவு அறிவித்த அன்றே அந்தச் சனிக்கிழமையையும் சேர்த்துக் குறித்துக்கொண்டால், அந்த நாளில் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்துவிட்டு ரத்து செய்யும் நஷ்டம் இருக்காது.

5. பள்ளி டைரியில் இந்த வாரப் பக்கத்தைத் தேடித் தேடிப் புரட்டுவானேன்? கொடியில் போடும் துணி கிளிப் ஒன்றை அந்தப் பக்கத்தில் மாட்டிவிடுங்கள். டீச்சருக்கும் எழுத எளிது, நமக்கும் பார்க்க எளிது.

6. டைரி பார்க்க என்று தனி நேரம் ஒதுக்கினால் அது நடக்கவே நடக்காது. பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துக் கழுவப் போடும்போதே டைரியையும் எடுத்து அடுப்பங்கரை மேடையில் வைத்துவிடுங்கள். குக்கர் விசில் வருவதற்குள் படித்துக் கையெழுத்தும் போட்டுவிடலாம்.

7. கையெழுத்துப் போடப் பேனா தேடுவது காலை நேரத்தின் பெரிய தொல்லை. டைரியின் முதுகில் ஒரு நூல் கட்டி, பழைய பேனா ஒன்றைத் தொங்க விட்டுவிடுங்கள்.

8. "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் "ஒண்ணும் நடக்கல" என்றுதான் பதில் வரும். கேள்வியைச் சின்னதாக்குங்கள். "பிரேயர்ல இன்னைக்கு யாரு குறள் சொன்னா?", "சத்துணவுல என்ன போட்டாங்க?", "உன் பக்கத்துல யாரு உட்கார்ந்தா?", "டீச்சர் என்ன கலர் புடவை?" இப்படி ஒரு நூல் கிடைத்தால் மீதியை அவர்களே இழுத்துக்கொண்டு வருவார்கள். இதை வீடு வந்து உடை மாற்றுவதற்குள் கேட்டுவிட வேண்டும், விளையாட ஓடிவிட்டால் அன்றைய சேதி அவ்வளவுதான்.

9. தாத்தா, பாட்டிதான் கூட்டி வருகிறார்கள் என்றால் அவர்களிடமும் கேளுங்கள். பள்ளி வாசலில் காத்திருக்கிற கால் மணி நேரத்தில் அவர்கள் காதில் விழுவது, எந்த வாட்ஸ்அப் குரூப்பிலும் வராது!

10. வேன் ஓட்டுகிற அண்ணன், ஆட்டோக்காரர் நம்பரை "ஸ்கூல் வேன்" என்று போட்டு வீட்டிலுள்ள எல்லோர் போனிலும் பதிந்து வையுங்கள். அரை நாள் விட்டால் பல சமயம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

11. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யூனிபார்ம் அயர்ன் செய்கிற நேரம்தான் வாரச் சேதியைச் சரி பார்க்கத் தோதான நேரம். ஐந்து நாள் சட்டையைத் தேய்த்து முடிப்பதற்குள், பக்கத்தில் உட்கார்ந்து டைரியையும் குரூப்பையும் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் காலண்டரில் ஏற்றிவிடலாம். புதன்கிழமை வெள்ளை, வெள்ளிக்கிழமை கலர் டிரஸ் என்று கிழமைக்கொரு உடை கேட்கிற பள்ளியாக இருந்தால் ஹேங்கரிலேயே கிழமையை எழுதி ஒட்டிவிடுங்கள்.

12. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் டீச்சர் போடும் சேதியை அழுத்திப் பிடித்து ஸ்டார் போட்டு வையுங்கள். நூறு "ஓகே மிஸ்", ஐம்பது "குட் மார்னிங்" படத்துக்கு நடுவில் தேடும் வேலை இல்லை. ஸ்டார் போட்டதெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

13. குரூப்பை நடத்துபவர் நீங்களானால், அட்மின் மட்டும் சேதி போடும்படி செட்டிங்கை மாற்றிவிடுங்கள். சந்தேகம் கேட்கத் தனியாக இன்னொரு குரூப் இருக்கட்டும். நன்றி சொல்ல ஆளாளுக்குக் கை கூப்பும் படம் போடாவிட்டால் டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டார், நிம்மதியாகத்தான் இருப்பார்.

14. தேர்வு அட்டவணை வந்தால் அதைப் படம் பிடித்து, தேர்வு முடியும் வரை போனின் முகப்புப் படமாக வைத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போனை எடுக்கிறோமோ அத்தனை தடவை கண்ணில் படும். பிள்ளையின் சிரித்த முகம் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வரட்டும்.

15. அப்பா வெளியூரிலோ துபாயிலோ இருந்தால், எழுதி முடித்த காலண்டர் பக்கத்தை ஞாயிறு ராத்திரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். "நாளைக்கு நீ குறள் ஒப்பிக்கணும்ல?" என்று அவர் அங்கிருந்து கேட்டால் பிள்ளைக்கு வருகிற உற்சாகமே தனி. தினமும் எல்லாவற்றையும் போனில் ஒப்பிக்கிற வேலை நமக்கும் குறையும்.

16. மழைக்கால லீவு விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. லீவு அறிவிப்பது மாவட்ட ஆட்சியர், அது காலைச் செய்தியில் வந்துவிடும். குரூப்பில் சுற்றுகிற படத்தில் தேதி, மாவட்டம் இரண்டையும் பார்க்காமல் யாருக்கும் தள்ளிவிடாதீர்கள், போன வருஷத்துப் படம் இந்த வருஷம் மறுபடி வலம் வரும். பள்ளிக்கு மட்டுமா, கல்லூரிக்கும் சேர்த்தா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

17. பள்ளியில் கேட்கிற பொருட்களுக்கு என்று ஒரு பழைய ஸ்வீட் பாக்ஸ். ஐஸ் குச்சி, தீக்குச்சி, பட்டன், புளியங்கொட்டை, கல்யாணப் பத்திரிகை அட்டை, கலர் காகிதத் துண்டு, கம்மல் வாங்கிய குட்டி டப்பா எல்லாம் அதில் போய் விழட்டும். சார்ட் பேப்பரை மட்டும் நாலைந்தாக மொத்தமாக வாங்கிச் சுருட்டி அலமாரிக்கு மேல் வைத்துவிட்டால், ராத்திரி நேரத்தில் மூடின கடையின் ஷட்டரைத் தட்ட வேண்டியதில்லை.

18. மாறுவேடப் போட்டி என்றதும் வாடகைக் கடைக்கு ஓடாதீர்கள். அப்பாவின் வெள்ளைத் துண்டு முண்டாசு, கருப்புக் கோட்டுக்குப் பதில் அண்ணனின் கருப்புச் சட்டை, கண் மையில் மீசை: பாரதியார் தயார். நேருவுக்கு ஒரு ரோஜாப்பூவே பாதி வேலையை முடித்துவிடும். காய்கறி வேஷம் என்றால் சார்ட்டில் வரைந்து கழுத்தில் மாட்டிவிட்டாலே போதும், பரிசு தருபவர்கள் பெரும்பாலும் பிள்ளை பேசுவதைத்தான் பார்க்கிறார்கள்.

19. பள்ளியிலிருந்து வரும் துண்டுச் சீட்டு, சுற்றறிக்கையை அலமாரிக் கதவின் உள்பக்கம் சோற்றுப் பருக்கை தடவி ஒட்டிவிடுங்கள். வேலை முடிந்ததும் ஈரத் துணியால் துடைத்தால் கறை இல்லாமல் வந்துவிடும். செல்லோ டேப் பெயின்ட்டையும் பிய்த்துக்கொண்டு வரும்.

20. பீஸ் கட்டிய ரசீது மெஷினில் வரும் வழவழப்பான காகிதமாக இருந்தால் சில மாதத்தில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். அன்றே படம் எடுத்து வையுங்கள், முடிந்தால் ஒரு ஜெராக்ஸ்.

21. ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், சாதிச் சான்றிதழ் நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாவற்றையும் சில செட் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, கவரின் மேல் பள்ளிப் பதிவில் உள்ள பிள்ளையின் எமிஸ் அடையாள எண்ணை எழுதி வையுங்கள். உதவித்தொகைக்கோ வேறெதற்கோ "நாளைக்கே வேணும்" என்று சேதி வரும்போது, கரன்ட் இல்லாத ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்க வேண்டாம். கொடுக்கும்போது எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று நகலின் குறுக்கே எழுதிக் கொடுப்பது நல்ல பழக்கம்.

22. ரீசார்ஜ் சலுகைக்காக நம்பரை மாற்றினால், முதலில் சொல்ல வேண்டியது வகுப்பு ஆசிரியரிடம். பள்ளிப் பதிவில் பழைய நம்பர் இருந்தால் குறுஞ்செய்தியும் ஓடிபியும் வேறு யாருக்கோ போய்க்கொண்டிருக்கும்.

23. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையானால் வாரச் சேதியில் சாப்பாட்டுச் சேதியும் முக்கியம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, மறு வருஷம் ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமை வாரியாகப் பட்டியல் உண்டு, பள்ளியில் பார்த்து எழுதி வந்து அடுப்பங்கரையில் ஒட்டுங்கள். காலையில் அங்கே கிச்சடி என்றால் ராத்திரி இங்கே ரவை வேண்டாமே! வீட்டில் ஒரு வாய் ஊட்டி அனுப்பிவிட்டுப் பள்ளியில் சாப்பிடவில்லை என்று கவலைப்படுவதும் குறையும்.

24. எந்தச் சாப்பாடாவது பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். டைரியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள், சத்துணவு அமைப்பாளரிடமும் காலை உணவு சமைக்கும் அக்காவிடமும் நேரில் ஒருமுறை காட்டுங்கள். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருவதுண்டு, கேட்டுப் பாருங்கள்.

25. குடற்புழு நீக்க நாள் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டி வரும். அன்று பள்ளியிலேயே மாத்திரை தருவார்கள், மென்று தின்னச் சொல்லிப் பழக்கி அனுப்புங்கள். அன்று காய்ச்சலாக இருந்தால் முன்கூட்டியே டீச்சரிடம் சொல்லிவிட வேண்டும். வராத பிள்ளைகளுக்குச் சில நாள் கழித்து இன்னொரு வாய்ப்பு உண்டு, அந்தத் தேதியைக் கேட்டுக் காலண்டரில் ஏற்றுங்கள்.

26. 2012-13 முதல் முப்பருவ முறை என்பதால் பாடப் புத்தகம் பருவத்துக்கொன்றாக வருகிறது. பருவம் மாறுகிற வாரத்தைக் குறித்து வைத்து, பழைய பருவப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள், பை பாதி இறங்கிவிடும். கிழியாமல் இருந்தால் கீழ் வகுப்பில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த வருஷம் முன்கூட்டியே பார்க்க உதவும்.

27. ஒன்று முதல் மூன்றாவது வரை 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். "எத்தனை மார்க்?" என்பதைவிட "தமிழில் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை?" என்று டீச்சரிடம் கேட்டால், வீட்டில் எதைச் சொல்லித் தர வேண்டும் என்பது தெளிவாகும். ஒரே பிள்ளை தமிழில் மலராகவும் கணக்கில் மொட்டாகவும் இருக்கலாம். இதைப் பக்கத்து வீட்டோடு ஒப்பிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

28. டீச்சரிடம் கேட்க வேண்டியதை ஒரு துண்டுச் சீட்டில் சேர்த்துக்கொண்டே வந்து, வாரத்தில் ஒரு நாள் மொத்தமாகக் கேளுங்கள். ராத்திரி போன் அடிப்பது அவர்கள் வீட்டு அடுப்பையும் அணைக்கிற வேலை. காலை மணி அடிக்கிற நேரத்தில் வாசலில் பிடித்துக் கேட்டாலும் பாதிப் பதில்தான் கிடைக்கும், பள்ளி விட்ட பிறகு பத்து நிமிடம் நின்றால் முழுசாகச் சொல்வார்கள்.

29. நாலாவது, ஐந்தாவது பிள்ளை இருந்தால் வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர்களே "வீட்டுச் செய்தி" வாசிக்கட்டும். இந்த வாரம் நடந்தது நாலு வரி, அடுத்த வாரம் வருவது நாலு வரி. பிரேயரில் செய்தி வாசிக்கக் கூப்பிட்டால் கூச்சம் இல்லாமல் போய் நிற்க இது நல்ல பழக்கம்.

30. விடுப்புக் கடிதத்தை நாமே எழுதாமல் மூன்றாவதிலிருந்து பிள்ளையையே எழுத வைத்து, கீழே நாம் கையெழுத்துப் போடலாம். லீவு எடுத்த அன்று நடந்த பாடத்தை யாரிடம் கேட்பது என்பதற்கு இரண்டு நண்பர்கள் வீட்டு நம்பர் டைரியில் இருக்கட்டும்.

31. இனி வருபவை நம் வீட்டுக்கு மட்டுமில்லை, வகுப்பில் உள்ள எல்லா வீட்டுக்கும். ஸ்மார்ட் போன் இல்லாத வீடு, இருந்தும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிற வீடு எல்லா வகுப்பிலும் உண்டு. ஒரே தெருவில் இருக்கிற மூன்று நான்கு வீட்டுக்கு ஒரு வீடு பொறுப்பு என்று வைத்துக்கொண்டால், தண்ணீர் பிடிக்கப் போகும்போது வாய்வார்த்தையாகவே சேதி போய்விடும். வாட்ஸ்அப்பில் போட்டாயிற்று, எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைப்பது சரியில்லை என்பது என் கட்சி.

32. படிக்கத் தெரியாத பாட்டியோ, கூலி வேலையில் நேரம் இல்லாத அம்மாவோ நீளச் சேதியைப் படிக்க மாட்டார்கள். அரை நிமிடக் குரல் பதிவாகப் போட்டுவிடுங்கள். "திங்கட்கிழமை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம், பேங்க் புக் கொண்டு வாங்க" என்றால் வேலை செய்துகொண்டே கேட்பார்கள்.

33. திருப்பூர், கோவை பக்கம் பனியன் கம்பெனி, மில் வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளோடுதான் படிக்கிறார்கள். சேதியில் தேதியையும் நேரத்தையும் எண்ணில் எழுதுங்கள், வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். போனில் இருக்கும் மொழிபெயர்ப்பு வசதி சின்ன வாக்கியத்தை ஓரளவு சரியாக இந்திக்கு மாற்றிவிடும், நீட்டி எழுதினால் குழப்பிவிடும்.

34. வாரச் சேதி எழுதித் தரும் ஆசிரியைகளுக்கும் ஒரு யோசனை. ஒரு ஏ4 தாளில் அதே சேதியை நாலு தடவை எழுதி ஜெராக்ஸ் போட்டு நாலாக வெட்டினால், நாற்பது பிள்ளைகளுக்குப் பத்துத் தாளில் முடிந்துவிடும். என்ன பாடம், என்ன கொண்டு வர வேண்டும், என்ன உடை, லீவு உண்டா, பணம் உண்டா என்று ஐந்தே வரி, எல்லா வாரமும் அதே வரிசை. பெரிய வகுப்புப் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்துத் தாங்களே எழுதி எடுத்துப் போனால் ஜெராக்ஸ் செலவும் இல்லை, கையெழுத்துப் பயிற்சியும் ஆயிற்று.

35. ஊரில் எல்லோரும் வந்து போகிற இடத்தில், பால் சொசைட்டியிலோ ரேஷன் கடைப் பக்கமோ அனுமதி கேட்டு ஒரு சிலேட்டு மாட்டிப் பள்ளிச் சேதியை எழுதலாம். பொதுச் சேதி மட்டும் போதும். எந்தப் பிள்ளை பீஸ் கட்டவில்லை, யாருக்கு என்ன மார்க் என்பதெல்லாம் அங்கே வரக் கூடாது. குரூப்பில் போடும் படத்திலும் அடையாள அட்டை தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

36. வேலைக்குப் போகும் அம்மாக்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, அரை நாள் விடும் நாளில் யார் வீட்டில் பிள்ளைகள் இருப்பது என்று முறை வைத்துக்கொள்ளலாம். யார் கூட்டிப் போவார்கள் என்பதை டைரியில் எழுதி டீச்சருக்குத் தெரிவித்துவிட வேண்டும், முன்பின் தெரியாதவரோடு அவர்கள் அனுப்ப மாட்டார்கள். அனுப்பவும் கூடாது.

37. பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி எல்லாவற்றிலும் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு உறுப்பினர்கள் பெற்றோர்தான், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். உங்கள் தெருவில் யார் உறுப்பினர் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, சுவரில் விரிசல் என்பதைக் குரூப்பில் புலம்புவதைவிட அவரிடம் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் கூட்டத்தில் பேசுவார். கூட்டத்தில் என்ன முடிவானது என்று அதே வாரத்தில் அவரிடமே கேட்டு, வர முடியாத வீடுகளுக்கும் சொல்லிவிடுங்கள்.

38. கிராமத்தில் இருப்பவர்கள் கிராம சபை நாளையும் பள்ளிக் காலண்டரில் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பள்ளிக்கு வேண்டியதை அங்கே கேட்டால் தீர்மானமாக எழுதிக்கொள்வார்கள். கொடியேற்றத்துக்குப் போகிற அன்றே இதற்கும் ஒரு நடை போய்விடலாம்.

39. நடு வருஷத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் வீட்டுக்கு எந்தக் கிழமை என்ன உடை, எங்கே பெல்ட் கிடைக்கும், எந்த வேன் எந்தத் தெருவில் வரும் என்று எதுவும் தெரியாது. உங்கள் காலண்டர் பக்கத்தை ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிடுங்கள், குரூப்பில் சேர்க்கச் சொல்லி டீச்சரிடமும் ஒரு வார்த்தை.

40. பள்ளியில் கேட்டுப் பதில் கிடைக்காத விஷயத்துக்குப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிய கவலை என்றால் 1098. இரண்டையும் டைரி அட்டையில் இன்றைக்கே எழுதிவிடுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் டைரியிலும்.